ஹோமில் தம்பிக்கு மாத்திரையை நசுக்கிக் கொடுக்கிறார்கள், சரியா?

மடிப்பாக்கம் அக்கா:
தம்பிக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு. அம்மா போன பிறகு தாம்பரம் தாண்டி ஒரு ஹோமில் இருக்கிறான். வலிப்புக்கு வால்பரின் குரோனோ 500 மாத்திரை, காலையும் இரவும். மூன்று வாரமாக எப்போது போனாலும் தூங்கி வழிகிறான், என் கையைப் பிடித்துக்கொண்டே கண் சொருகுகிறது. நேற்று ஆயாம்மா பேச்சுவாக்கில் சொன்னார், மாத்திரையைத் துப்புகிறானாம், அதனால் நசுக்கி இட்லியில் வைத்துக் கொடுக்கிறார்களாம். அவர் மேல் கோபமில்லை, ராத்திரியில் 14 பேருக்கு அவர் ஒருத்திதான். கேட்டால் "வீட்டுக்கே கூட்டிப் போங்க" என்றுவிடுவார்களோ என்றுதான் பயம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
குரோனோவை நசுக்கவே கூடாதும்மா. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடியாக்கினால் மருந்து ஒரேயடியாக ஏறும், அடுத்த வேளைக்கு முன்பே இறங்கியும் விடும், மயக்கம் ஒரு பக்கம், வலிப்பு ஒரு பக்கம். இந்த மருந்தில் ரத்தத்தில் அமோனியா கூடினாலும் இப்படித் தூங்குவார்கள். எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, வாந்தி எடுக்கிறான் என்றால் இன்றைக்கே அவசரப் பிரிவு. இல்லையென்றாலும் உடனே நரம்பியல் டாக்டருக்கு போன் போடுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். துப்புகிறவர்களுக்கு சிரப் இருக்கிறது, அளவையும் வேளையையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்:
டப்பாவையும் பாருங்கள். வால்பரின் குரோனோவும் என்கோரேட் குரோனோவும் பெயர்தான் வேறு, உள்ளே ஒரே மருந்து. புதுச் சீட்டில் ஒன்று, பழைய டப்பாவில் இன்னொன்று என்று இரண்டையும் கொடுப்பது நடக்கிற தப்புதான். ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துப் போட்டால் பெயரும் தெரியாது, எக்ஸ்பைரியும் தெரியாது.

வேளச்சேரி அப்பா:
சண்டையாகப் போகாதீர்கள். "நசுக்கக் கூடாது" என்று டாக்டரிடமே தமிழில் எழுதி வாங்கிக் கொடுங்கள், ஆயாம்மாவுக்கு இங்கிலீஷ் சீட்டு எதற்கு? மருந்துப் பதிவேட்டையும் கேளுங்கள். என் மகள் இருந்த இடத்தில் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை டிக்கை சனிக்கிழமையே பார்த்தேன்! வெளியே அனுப்புவோம் என்று மிரட்டினால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

மடிப்பாக்கம் அக்கா:
டாக்டருக்கு போன் செய்தேன். நாளைக் காலையே கூட்டி வரச் சொன்னார், கொடுக்கிற மாத்திரை அத்தனையும் பையோடு. டப்பாவைக் கேட்டு வாங்கினேன், என்கோரேட் இல்லை. ஆனால் பெயரில்லாத வெள்ளை மாத்திரை, பாதி பாதியாக உடைத்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி சத்தம் போடுகிறான் என்று போன மாதம் ஆரம்பித்தார்களாம், எந்த டாக்டர் எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.