ஓடைக்கரையில் தனியாளாக் கூடாரம்: தெரிஞ்சவங்க சொல்லுங்க

மாத்தளையிலிருந்து:

நக்கிள்ஸ் மலைத்தொடர் பக்கம் போற எல்லாருக்கும் கண்ணுல படுறது ஓடையோர மணல் திட்டுதான். சமமா, கல்லில்லாம இருக்கும். அதைச் சமமாக்கினதே வெள்ளம்தான். கரையோரப் புதரில் காய்ந்த சருகும் குச்சியும் எந்த உயரத்துல சிக்கிக் கிடக்குன்னு பாருங்க. போன மழைக்குத் தண்ணி நின்ன மட்டம் அது. அதுக்கும் ஓர் ஆள் உயரம் மேலதான் கூடாரம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்துல இடிமழை வரும். நம்ம தலைக்கு மேல வெயிலடிக்கும், மேல்மலையில கொட்டிக்கிட்டிருக்கும். கண்ணாடி மாதிரி ஓடின தண்ணி பிளேன்டீ நிறத்துக்கு மாறினாலோ, பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ சாமானைப் பார்க்காம மேல ஏறிடணும். ஓடை இரைச்சல்ல தண்ணி ஏறுறது காதுக்குத் தெரியாது. தனியாளுக்கு எழுப்பிவிடவும் யாருமில்லை. படுக்கிறதுக்கு முன்னாடி தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டுட்டு, முழிப்பு வரும்போதெல்லாம் டோர்ச் அடிச்சுப் பாருங்க.

ஹட்டனிலிருந்து:

அண்ணே சொன்னது சரி. ஆனா குடிக்கிற தண்ணி? தெளிவா ஓடுறதெல்லாம் சுத்தமில்லை. மேல தேயிலை மலையோ மரக்கறித் தோட்டமோ இருந்தா புல்லுக்கு அடிச்ச மருந்தும் போட்ட உரமும் மழையோட இறங்கும். கொதிக்க வச்சா கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் செறிவாகும். மேல காடு மட்டும் இருக்கிற ஓடையா பார்த்துத் தேர்ந்தெடுங்க. துணியில வடிகட்டி, நல்லாத் தளதளன்னு கொதிச்ச பிறகு ஒரு நிமிஷம் விடணும். ஹோட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேல. அங்க குறைஞ்ச சூட்டிலேயே கொதிச்சிடும், அதனால மூணு நிமிஷம்.

கால்ல வெட்டுக்காயம் இருந்தா ஓடையில இறங்காதீங்க. எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியா உடம்புல ஏறும். ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, ஓடையில இறங்கினதை டொக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க.

பண்டாரவளையிலிருந்து:

இரத்தம் குடிக்கிற அட்டையை மறந்துட்டீங்களே! முழங்கால் வரைக்கும் வர்ற நெருக்கமா நெய்த காலுறைக்குள்ள காற்சட்டையைச் சொருகி, வெளிப்பக்கம் சவர்க்காரத்தை ஈரமாத் தேய்ச்சுக் காயவிடுங்க. மழையில கரைஞ்சா திரும்பத் தேய்க்கணும். கடிச்சிருந்தா பிடிச்சு இழுக்க வேணாம். அட்டை உடம்போட மெல்லிசான முனைதான் வாய். தோலோட ஒட்டி நகத்தை நகர்த்தி முதல்ல அதைக் கிளப்பணும், பிறகு தடிச்ச முனை. உப்போ நெருப்போ வச்சா விழும், ஆனா வயித்துல இருக்கிறதைக் காயத்துக்குள்ளயே கக்கிட்டு விழும். இரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விட்டுட்டுப் போறதால கொஞ்ச நேரம் கசியும். துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. சப்பாத்தை இரவுல ஒரு பைக்குள்ள போட்டு வாயைக் கட்டிடுங்க.

நுவரெலியாவிலிருந்து:

ஹோட்டன் சமவெளியில தங்க வனசீவராசிகள் திணைக்களத்துல முன்கூட்டியே அனுமதி எடுக்கணும். நக்கிள்ஸ் காட்டுக்கு வனத் திணைக்களம். போற பாதை, திரும்புற நேரம் ரெண்டையும் கடைசி ஊர்க் கடையில எழுதிக் குடுத்துட்டுப் போங்க. 1990 நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனா பள்ளத்துக்குள்ள சிக்னல் இருக்காது.

ஜனவரி, பெப்ரவரியில இங்க புல்லுல உறைபனி விழும். குளிர்காத்து பள்ளத்துல தேங்கும், ஓடையை ஒட்டிப் படுத்தா கூடாரத்து உள்பக்கமே நனைஞ்சிடும். அந்தக் குளிர்ல கேஸ் டின் அடுப்பும் சுடர் சுருங்கி நிக்கும், பியூட்டேன் ஆவியாகாது. டின்னைத் தூங்குற பைக்குள்ள வச்சுக்கிட்டுப் படுங்க, காலையில தேத்தண்ணிக்கு எரியும்.