மறு: தெர்மோசைஃபனுக்கு ‘வெப்ப வடிகுழாய்’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

> சைஃபனுக்கு வடிகுழாய் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் வெப்பத்தைச் சேர்த்தால் போதாதா?

போதாது, ஐயா. வடிகுழாயில் நீர் ஒரு மேட்டைத் தாண்டிக் கீழே வடிகிறது. தெர்மோசைஃபன் என்பதோ வெப்பத்தாலேயே நீர் தானாகச் சுற்றும் முறை; அப்படி இயங்கும் மொட்டைமாடிச் சூரிய நீர்ச்சூடேற்றியில் எதுவும் வடிவதில்லை. வெயிலை வாங்கும் தகட்டில் சூடான நீர் இலேசாகித் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்நீர் அந்த இடத்துக்கு இறங்குகிறது. வெயில் உள்ளவரை சுற்று ஓயாது. பம்பும் மின்சாரமும் தேவையில்லை. ஆங்கிலத்தின் கோணலை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இந்த ஓட்டத்தை நடத்தும் விசை மிகச் சிறியது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 996 கிராம்; 60 டிகிரியில் 983 கிராம். இரண்டும் ஒரு மீட்டர் உயரத்துக்கு எதிரெதிரே நின்றால்கூடக் கிடைக்கும் அழுத்தம், ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் உயர நீருக்குத்தான் சமம். அதனால்தான் வேண்டாத இடத்தில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு), குழாயின் மேட்டில் தங்கிய காற்று, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவு என எது வந்தாலும் ஓட்டம் முடங்குகிறது. காற்றே 30 டிகிரியில் இருக்கும் நம் ஊர்களில் தகடு இழக்கும் வெப்பம் குளிர்நாடுகளைவிடக் குறைவு. எனவே அந்த இழப்பைக் குறைக்கத் தகட்டுக்கு விலையுயர்ந்த பூச்சைத் தேடுவதற்கு முன், குழாயைச் சற்று அகலமாக்கி, சூடுநீர் செல்லும் வழி எங்கும் தாழாமல் ஏறும்படி அமைப்பதே பலன் தரும் என்பேன்.

சொல்லிலும் அந்த ஓட்டமே தெரியட்டும்: ‘வெப்பத் தன்னோட்டம்’. ‘தற்சுழற்சி’யைப் பூமி எடுத்துக்கொண்டுவிட்டது. ‘வெப்பச்சலனம்’ உலைநீருக்கும் பொருந்தும் பொதுச்சொல். வெறும் ‘தன்னோட்டம்’ என்றால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரும் அதுதானே என்று இங்கேயே யாராவது மடக்குவீர்கள்.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. பம்ப் வைத்தது ‘விசையோட்டம்’. இரவில் தகடு குளிர்ந்து, தொட்டியின் சூடுநீர் தலைகீழாகத் திரும்புவது ‘எதிரோட்டம்’. அதைத் தடுக்கவே தொட்டியின் அடிப்பகுதியைத் தகட்டின் மேல்விளிம்பைவிட ஓர் அடியாவது உயர்த்தி வைக்கிறார்கள். ‘எதிர் வெப்ப வடிகுழாய்’ என்று கையேட்டில் எழுதினால் பிளம்பர் நம்மைத் தேடி வந்துவிடுவார்.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையில், ஒரே குழாய்க்குள் சூடுநீர் மேற்புறமாக ஏற, குளிர்நீர் அடிப்புறமாக இறங்குகிறது. தனித்தனிக் குழாய்கள் இல்லை. அதற்கும் இச்சொல்லே போதும் என நினைக்கிறேன். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.