முகம் பார்த்தே வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்

மாடிவீடு:
போன வாரம் அலுவலகத்தில் மேனேஜர் பையை மேஜையில் வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இவர்கிட்ட எதுவும் கேட்காதீங்க" என்று பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். பத்தாவது நிமிடம் அவர் யாரையோ காய்ச்சி எடுத்தார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று பக்கத்து சீட்காரருக்கு ஒரே ஆச்சரியம். நானும் பெருமையாகச் சிரித்துவைத்தேன். ஆனால் மத்தியானம் வரை வேலை ஓடவில்லை. கோபம் என் மேல் இல்லை என்று தெரிந்தும் வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய ஃபைலை அன்றைக்கே முடித்துக் கொடுத்து, "சாரி சார், லேட்டாயிடுச்சு" என்று வேறு சொன்னேன். எது லேட்?

அப்பா குடிப்பவர் இல்லை, அடித்ததும் குறைவு. எப்போது எதற்கு வெடிப்பார் என்று தெரியாது, அவ்வளவுதான். நேற்று அவரே சிரித்த விஷயத்துக்கு இன்று தட்டு பறக்கும். வீடு மாடியில். ஒரு படியில் கல் பெயர்ந்து ஆடும். அவர் ஏறி வரும்போது அது 'டக்' என்றால் கவலையில்லை. 'டடக்' என்றால் ஆளுக்கொரு புத்தகம் கையில் வந்துவிடும். டிவியை அணைத்தால் மட்டும் போதாது, பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார். அக்கா பரீட்சை அட்டையால் விசிறி அதன் சூட்டை ஆற்றுவாள்.

இப்படி வீட்டில் பழகியது ஏதாவது, வெளியே நாலு பேர் நடுவில் தலைகாட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

தபால்காரன்:
எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. அம்மாவும் அப்பாவும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான்தான் தபால். "கரண்ட் பில் கட்டலைன்னா இருட்டுல உட்காரட்டும்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பார் அம்மா. இரண்டு அறைக்கும் நடுவே பத்தடி இருக்கும். அதற்குள் வாக்கியத்தை மாற்றிவிடுவேன்: "அப்பா, கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி வருதாம், அம்மா ஞாபகப்படுத்தச் சொன்னாங்க." அங்கிருந்து "அவளுக்கு வேற வேலை இல்லையா" என்று பதில் வரும். நான் திரும்பிப் போய்ச் சேரும்போது அது "சரின்னு சொன்னார்" ஆகியிருக்கும். எட்டு வயதில் நான் நல்ல எடிட்டர்.

பெரியவனானதும் இரண்டு நண்பர்களுக்குள் பணத் தகராறு. "இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றான் ஒருவன். நான் மற்றவனிடம், "அவனுக்கும் வருத்தம்தான், கொஞ்சம் டைம் கேட்கிறான்" என்றேன். பாவம், அவன் மூன்று மாதம் காத்திருந்தான். பிறகு ஒரு கல்யாணத்தில் இருவரும் நேருக்கு நேர். "டைம் கேட்டியாமே?" "நானா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்க" என்றான் ஒருவன். பொய் என்ற வார்த்தை அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் இப்போது முக்கியமான எதையும் என் காதில் போடுவதில்லை.

பிறகு ஆலோசகர் ஒருவர் காகிதத்தில் முக்கோணம் வரைந்து காட்டினார். குடும்ப சிகிச்சை முன்னோடி மர்ரே போவென் சொன்னதாம்: இருவருக்குள் இறுக்கம் தாங்காதபோது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என்னை யாரும் இழுக்கக்கூட வேண்டாம், நானே போய் நின்றுகொள்கிறேன். எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்தப் படத்துக்குப் போகலாம் என்று என்னைக் கேட்டால் மட்டும் பதில் வராது.

இளையவள்:
நான் கடைக்குட்டி. சண்டை முற்றும்போது எல்லோரையும் சிரிக்க வைப்பது என் வேலை. ஒரு தோழி அழுதுகொண்டே தன் கஷ்டத்தைச் சொன்னபோது, அவளைத் திட்டியவர் மாதிரி பேசிக் காட்டினேன். "கொஞ்சம் சும்மா இரேன்" என்றாள். நிஜமாகவே எப்படி இருப்பது என்று தெரியவில்லை. எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

ஓரமாய்:
மாடிவீடு, உங்கள் மேனேஜர் கதையைப் படித்ததும் ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. 2002-ல் பொல்லாக், சின்ஹா இருவரும் வெளியிட்டது. மங்கலான முகப்படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக் குழந்தைகளிடம் காட்டினார்கள். வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், மற்ற குழந்தைகளுக்கு முன்பே கோப முகத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள். உங்கள் பை, படிக்கல் எல்லாம் அந்த ரகம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம் வருகிறது. என் தம்பியும் அதே வீட்டில் வளர்ந்தவன்தான். முடியாது என்றால் முடியாது என்பான், அடுத்த நிமிடம் மறந்துவிடுவான். நானோ நண்பர்களின் போனை எடுக்காமல் இருந்துவிட்டு, "நான் வளர்ந்த விதம் அப்படி" என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். ஒருத்தி மட்டும், "சரி, இப்போ என்ன பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டாள். சுருக்கென்றது. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் அவள் போனை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

தபால்காரன்:
ஓரமாய், தம்பிக்கு முன்னால் நீங்கள் நின்றிருப்பீர்களோ? எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி என் தங்கைக்கே தெரியாது. தபால் அவள் வரை போகவில்லை.

ஓரமாய்:
இதை நான் யோசித்ததே இல்லை. அவனிடம் கேட்க வேண்டும்.

மாடிவீடு:
இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். அந்த வீட்டைவிட்டு வந்த பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பிள்ளைகள், உடம்பு, யார் வீட்டில் விசேஷம், அதோடு முடிந்துவிடும். "அங்க எந்தப் படியில கல் ஆடும், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஏழாவது" என்றாள். யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அவளே சொன்னாள்: "கீழேயிருந்து ஏழு. மேலேயிருந்து நாலு."