மூணு மணின்னா யாரோட மூணு மணி?

குரூப்: அப்பத்தா கடை இட்லி 🙏

[காலை 5:41] முருகேசன் சித்தப்பா மோரே: ஆத்தா போயிருச்சு. 4 மணி இருக்கும். தூக்கத்துலயே

[5:43] கவிதா மோரே: அப்பா இப்ப போன் எடுக்க மாட்டாரு, எனக்கு அடிங்க

[5:50] செல்வி அத்தை: ஐயோ நேத்து ராத்திரி கூட பேசுச்சே

[5:50] செல்வி அத்தை: கருவாடு வாங்கி அனுப்ப சொல்லுச்சுடா முருகேசா

[5:58] பிரபு: சித்தப்பா 😢

[6:02] வாசு மாமா: 🌹 இனிய காலை வணக்கம்! இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் 🌹

[6:03] பிரபு: மாமா மேல படிங்க

[6:04] வாசு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:05] வாசு மாமா: தெரியாம வந்துருச்சு மன்னிக்கவும். ஆழ்ந்த இரங்கல்

[6:05] செல்வி அத்தை: என்னங்க நான் பக்கத்து ரூம்லதான அழுதுட்டு இருக்கேன், இரங்கல் குரூப்ல போடுறீங்க. எந்திரிச்சு வாங்க

[6:20] ராமு பெரியப்பா: முருகேசா நான் வர்றேன். நான் வராம எடுத்துறாத. தாய்க்குத் தலைமகன் கொள்ளி வைக்கணும்

[6:22] முருகேசன் சித்தப்பா மோரே: எப்ப வருவ

[6:34] ராமு பெரியப்பா: பிரபு டிக்கெட் பாக்குறான். கொல்கத்தா போய் மாறி இம்பால் போகணும், அங்கேந்து பர்மா பார்டர்ல இருக்குற மோரே 110 கிலோமீட்டர் மலை ரோடு, பல்லேல் தாண்டினா ஏத்தம். அதுக்கு முன்னாடி பெர்மிட் வேற எடுக்கணும், 2020 ஜனவரிலேந்து மணிப்பூருக்குள்ள வெளி மாநிலத்துக்காரன் நுழையணும்னா இன்னர் லைன் பெர்மிட் வேணும், என் ஆதார்ல வியாசர்பாடி இருக்கு அதனால நான் வெளியாள். 3 வயசுல அந்த ஊருக்குப் போனவன், ஸ்கூலுக்குப் போனது அங்க, கல்யாணம் பண்ணது அங்க, மொத புள்ள பொறந்தது அங்க, இப்ப எங்க ஆத்தாள பாக்கப் போறதுக்கு நான் யாரு எதுக்கு வர்றேன் எங்க தங்குவேன்னு ஃபாரம் ஃபில்லப் பண்ணணும்

[6:36] பிரபு: பெரியப்பா பெர்மிட் ஆன்லைன்ல போட்டுரலாம் அது பிரச்னை இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் இம்பால் போய் எறங்க முடியும்

[6:37] கவிதா மோரே: இருட்டுனப்பறம் இந்த ரோட்டுல யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க. அப்ப நாளன்னிக்குதான்

[6:38] முருகேசன் சித்தப்பா மோரே: ஐஸ் பெட்டி இம்பால்லேந்து வரணும். இன்னிக்கு 3 மணிக்கு எடுக்குறோம்

[6:39] ராமு பெரியப்பா: டேய்

[6:41] வாசு மாமா: எங்க பக்கமெல்லாம் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு கடைசி மகன்தான் கொள்ளி வைப்பான். ஊருக்கு ஊரு மாறும்

[6:42] ராமு பெரியப்பா: மாப்ள இது எங்க பக்கம்

[6:42] செல்வி அத்தை: என்னங்க போன வைங்க

[6:50] கவிதா மோரே: பார்டருக்கு அந்தப் பக்கம் பர்மாவுல, தமுல இருக்குற சின்ன அப்பத்தாவுக்கு யார் சொன்னீங்க?

[6:52] முருகேசன் சித்தப்பா மோரே: கண்ணனுக்கு அடிச்சேன் ரிங் போகல

[6:53] பிரபு: இந்திய சிம் நம்பருக்கு அடிச்சீங்களா? அவரு வீட்டு மொட்டை மாடிக்குப் போனா நம்ம டவர் எடுக்கும்னு சொன்னாரே

[7:15] கண்ணன் சித்தப்பா தமு: அண்ணே இப்பத்தான் பாத்தேன். ஆத்தாகிட்ட இன்னும் சொல்லல. கேட் திறப்பாங்களா

[7:16] செல்வி அத்தை: ராமுண்ணே பாஸ் ஏதோ குடுக்குறாங்கன்னு சொன்னியே பொங்கலுக்கு வந்தப்ப

[7:31] ராமு பெரியப்பா: அதத்தான் சொல்ல வந்தேன். எல்லாரும் முழுசா படிங்க அப்புறம் திரும்ப கேக்காதீங்க. பார்டர்ல இருக்குற ஜனங்க விசா இல்லாம அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய் வர்றதுக்கு ஒரு ஏற்பாடு ரொம்ப காலமா இருக்கு, முன்னாடி 40 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், 2004ல 16 ஆக்கினாங்க, 2018ல ஒப்பந்தமே போட்டாங்க, அதே வருஷம் பாஸ்போர்ட் வச்சிருக்குறவன் ரோடு வழியாவே போகலாம்னும் திறந்தாங்க, பாங்காக் வரைக்கும் பஸ் விடப்போறாங்கன்னு நம்ம ஆளுக எல்லாம் ஆடுனாங்க. 2020ல கொரோனா, கேட் மூடுனாங்க. 2021 பிப்ரவரி 1 அங்க ராணுவம் ஆட்சியப் புடிச்சுது. 2023 மே 3 இங்க மணிப்பூர்ல மெய்தி குக்கி கலவரம் பத்திக்கிச்சு. 2024 பிப்ரவரில அமித் ஷா இனிமே அந்த ஏற்பாடே கிடையாது, 1643 கிலோமீட்டருக்கும் வேலி போடுறோம்னு சொன்னாரு. மோரேல மொத 10 கிலோமீட்டர் வேலி ஏற்கெனவே போட்டாச்சு, நம்ம வீட்டுக்குப் பின்னாடி நின்னா தெரியும். மிசோரம் நாகாலாந்து ரெண்டு சட்டசபைலயும் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம் 2024 டிசம்பர்ல, ரத்து பண்ணல, 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குறவன் மட்டும் வரலாம், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் பாஸ் குடுக்கும், கியூஆர் கோட் இருக்கும், கைரேகை எடுப்பாங்க, 7 நாள்ல திரும்பிரணும்னு மாத்துனாங்க. தமு பார்டர்லேந்து 5 கிலோமீட்டர்தான். ஆக சின்னாத்தா ரூல்படி வரலாம்

[7:33] பிரபு: 👍

[7:33] செல்வி அத்தை: அப்ப வரலாமா வரக்கூடாதா

[7:34] ராமு பெரியப்பா: அதான சொன்னேன்

[7:40] முருகேசன் சித்தப்பா மோரே: கேட்டுக்கு ஆள் அனுப்பிச்சேன். இன்னிக்கு முடியாது நாளைக்கு வாங்கன்னுட்டாங்க

[7:41] ராமு பெரியப்பா: ரூல எடுத்துக் காட்டுடா. நான் பிடிஎஃப் அனுப்புறேன்

[7:41] முருகேசன் சித்தப்பா மோரே: துப்பாக்கி வச்சிருக்குறவன்கிட்ட பிடிஎஃப் காட்டவா

[7:48] கண்ணன் சித்தப்பா தமு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:49] செல்வி அத்தை: கண்ணா என்னமோ போட்டு அழிச்சியே. சின்னவன் பத்தி ஏதோ இருந்துச்சு

[7:49] முருகேசன் சித்தப்பா மோரே: செல்வி அத விடு. குரூப்ல வேணாம்

[7:50] வாசு மாமா: சின்னவன் யாரு? என்ன ஆச்சு

[7:51] செல்வி அத்தை: என்னங்க அங்க 18லேந்து 35 வரைக்கும் பசங்கள பட்டாளத்துக்கு எடுக்குறாங்கள்ல 2024லேந்து, அவனுக்கு 19

[7:51] முருகேசன் சித்தப்பா மோரே: செல்வி!!

[7:52] செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:53] பிரபு: அத்தை எல்லாரும் படிச்சாச்சு

[7:55] கவிதா மோரே: ப்ளீஸ் நிறுத்துங்க. இந்த குரூப்ல யார் யார் இருக்காங்கன்னே தெரியாது. இங்க அந்தப் பக்கத்து ஆள வீட்ல வச்சிருக்கான்னு ஒரு வார்த்தை போதும்

[8:02] ராமு பெரியப்பா: கவிதா சொல்றது சரி. ஏன்னா நாமளே அங்க என்னன்னு முடிவாகாம இருக்கு. 2022ல மணிப்பூர் கேபினட் பெர்மிட்டுக்கு 1961ம் வருஷத்த அடிப்படையா வச்சுது, அதுக்கு முன்னாடி இருந்தவன்தான் உள்ளூர்க்காரன். நாம எப்ப வந்தோம்? பர்மாவ ஆண்ட நே வின் கடைய எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னு 64ல கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, கேம்ப்ல இருக்க முடியாம, நடந்தாவது பர்மாவுக்கே திரும்பிப் போயிரலாம்னு எங்கப்பா வந்து, பார்டர்ல அவன் உள்ள விடல, அங்கயே உக்காந்தோம். அதான் மோரே. 3 வருஷம் லேட்டு

[8:03] பிரபு: 3 வருஷம் லேட்டா வந்து 60 வருஷம் ஆச்சு

[8:05] வாசு மாமா: பர்மாவுலேந்து வந்தவங்க மெட்ராஸ்லயே இருந்திருக்கலாம். பீச் ஸ்டேஷன் எதுத்தாப்ல பர்மா பஜார்ல ஒரு கடை போட்டிருந்தா இன்னிக்கு கோடீஸ்வரன்

[8:06] செல்வி அத்தை: ஆமா உங்களுக்கு அத்தோ ஒரு தட்டு கூட முழுசா சாப்ட முடியாது, பர்மாக்காரங்களுக்கு ஐடியா குடுக்குறீங்க

[8:07] வாசு மாமா: அந்த நூடுல்ஸ்ல பச்ச வெங்காயமும் புளித்தண்ணியும் யாராவது போடுவாங்களா

[8:07] பிரபு: மாமா பேஜோ சாப்டு பாருங்க. மொய்ங்கா வேணாம் உங்களுக்கு, அந்த நூடுல்ஸ் சூப்புல வாழைத்தண்டு இருக்கும்

[8:09] செல்வி அத்தை: ஆத்தா மொய்ங்கா மாதிரி யாருக்கும் வராது. காலைல இட்லி சாயங்காலம் மொய்ங்கா, ரெண்டுக்கும் ஒரே அடுப்பு. கேட் திறந்திருந்த காலத்துல அந்தப் பக்கத்து லாரி டிரைவருங்க இட்லிக்கு வரிசைல நிப்பான்

[8:10] கவிதா மோரே: அத்தை அந்த அடுப்பு இன்னும் இருக்கு. கடை எரிஞ்சப்ப அடுப்பு மட்டும் நின்னுச்சு

[8:14] வாசு மாமா: இப்பவும் அங்க போர்வை, பிளாஸ்க்கு எல்லாம் சீப்பா கிடைக்குமா? தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டாரு

[8:15] கவிதா மோரே: மாமா பர்மா பக்கத்து நம்பாலாங் மார்க்கெட் நம்ம கேட் நம்பர் 2ல எட்டிப் பாத்தா தெரியும், முன்னாடி காலைல போய் சாமான் வாங்கிட்டு சாயங்காலம் வந்துருவோம். 95ல வியாபாரத்துக்குத் திறந்தது. 2019ல பிரதமர் வந்து பெரிய செக்போஸ்ட் திறந்து வச்சாரு, பெரிய பில்டிங், பெரிய கோடவுன். பக்கத்துல எங்க கடைங்க பாதி ஷட்டர் இறங்கிருக்கு. சுமை தூக்குன அண்ணன்மார் எல்லாம் சென்னைக்கு வேலைக்கு வந்தாச்சு. சாமான் வர்ற விதமா வந்துட்டுத்தான் இருக்கு, பாக்கு வரலையா என்ன, ஆனா அது வேற ஆளுங்க வியாபாரம்

[8:16] முருகேசன் சித்தப்பா மோரே: கவிதா உள்ள வா. பந்தல் ஆள் வந்திருக்கான்

[8:30] ராமு பெரியப்பா: சரி நான் பதினாறாம் நாளுக்கு வர்றேன். இல்லன்னா காரியத்த வியாசர்பாடில வச்சுரலாமா? சொந்தம் பாதிப் பேர் இங்கதான் இருக்கு. மோரேல ஒரு காலத்துல 15 ஆயிரம் தமிழங்க இருந்தோம், இப்ப மூவாயிரம் தேறுமா

[8:31] முருகேசன் சித்தப்பா மோரே: பாதிப் பேர் அங்க எப்படி வந்தாங்கன்னு தெரியாதா

[8:32] ராமு பெரியப்பா: 95 கலவரத்துல குழந்தைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. அடிச்சான், வந்தேன்

[8:33] முருகேசன் சித்தப்பா மோரே: நான் ஒண்ணும் சொல்லல

[8:33] செல்வி அத்தை: இன்னிக்கு வேணாம் ரெண்டு பேரும்

[8:35] ராமு பெரியப்பா: மனை வித்த காசுல உன் பங்கு குடுத்தாச்சு

[8:35] செல்வி அத்தை: அண்ணே!

[9:10] கண்ணன் சித்தப்பா தமு: ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். அழுகல. அக்காவ கேட்டுப் பக்கமா தூக்கிட்டு வரச் சொல்லுன்னுச்சு. நம்பாலாங்ல வந்து நிக்குதாம்

[9:12] பிரபு: அங்கேந்து தெரியுமா?

[9:13] கவிதா மோரே: வேலி இருக்கு, ஆனா கம்பிதான். தெரியும்

[9:14] செல்வி அத்தை: கண்ணா நீ வராத. 22ல நம்ம மோரே பசங்க ரெண்டு பேர தமுலதான சுட்டுப் போட்டாங்க. ஆத்தாள வேற யார்கூடயாவது அனுப்பு

[9:15] கண்ணன் சித்தப்பா தமு: அக்கா எனக்கு இதுதான் ஊரு. இங்கயே இருக்கேன்

[9:20] முருகேசன் சித்தப்பா மோரே: சுடுகாடு இந்தப் பக்கம், கேட்டு அந்தப் பக்கம். சுத்தா இருக்கும். பாக்குறேன்

[9:21] ராமு பெரியப்பா: பாடிய சுத்தி எடுத்துட்டுப் போகக்கூடாது. சாஸ்திரம்

[9:21] வாசு மாமா: எங்க பக்கம் போகலாம்

[9:22] முருகேசன் சித்தப்பா மோரே: சங்கத்து ஆளுங்க போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டும். அப்புறம்

[மதியம் 2:10] கண்ணன் சித்தப்பா தமு: 3 மணின்னீங்க இன்னும் ஒருத்தரையும் காணோமே. ஆத்தா நின்னுட்டே இருக்கு

[2:11] கவிதா மோரே: சித்தப்பா எங்களுக்கு 2 தான் ஆகுது!! உங்க மணி ஒரு மணி நேரம் முன்னாடி

[2:12] பிரபு: அய்யோ

[2:13] ராமு பெரியப்பா: நான் காலைலயே சொல்லணும்னு நினைச்சேன். நமக்கு கிரீன்விச்லேந்து 5.30, அவங்களுக்கு 6.30, அதனால

[2:13] செல்வி அத்தை: அண்ணே

[2:14] கண்ணன் சித்தப்பா தமு: பரவால்ல. ஒரு டீக்கடைல உக்கார வச்சிருக்கேன். இந்தக் கடைக்காரன் அப்பத்தா கடைல சாப்டவனாம், காசு வேணாம்னுட்டான்

[3:38] கவிதா மோரே: கேட்டு முன்னாடி திரும்ப விடல. மெயின் ரோட்டு முக்குல ரெண்டு நிமிஷம் எறக்கி வச்சோம்

[3:39] கவிதா மோரே: ஜூம் பண்ணி போட்டோ எடுத்தேன் அனுப்புறேன். கருப்பா தெரியுறது குடை. குடைக்குக் கீழ சின்ன அப்பத்தா

[3:41] செல்வி அத்தை: எனக்கு ஒண்ணும் தெரியலடி

[3:41] பிரபு: ரைட்ல, கம்பிக்குப் பின்னாடி, கை தூக்கிருக்கு பாருங்க

[3:44] ராமு பெரியப்பா: 🙏

[இரவு 8:20] ராமு பெரியப்பா: பதினாறாம் நாள் பத்தி யாரும் பதில் போடல. மோரேன்னா பெர்மிட் இப்பவே போடணும். இம்பால்லேந்து வண்டி யாரு? போன தடவ வந்த பாங்கல், அதான் மணிப்பூர் முஸ்லிம் டிரைவர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா, அவருக்குத்தான் ரெண்டு பக்கமும் வழி விடுறாங்க

[8:24] பிரபு: கவிதாகிட்ட இருக்கும்

[8:31] வாசு மாமா: நான் லீவு பாத்துட்டு சொல்றேன்

[8:32] செல்வி அத்தை: நீங்க ரிட்டயர் ஆகி 4 வருஷம் ஆச்சு

[8:50] முருகேசன் சித்தப்பா மோரே: ஆத்தா டிரங்குப் பெட்டிய திறந்தோம். பட்டா, ரேஷன் கார்டு, 64ல அந்த ஊரு பர்மிஷன் பேப்பர் எல்லாம் இருக்கு. செல்லாமப் போன பர்மா நூறு ரூபா நோட்டு ஒண்ணு வச்சிருக்குமே, அத மட்டும் காணோம். யார்கிட்ட இருக்கு

[8:58] செல்வி அத்தை: என்கிட்ட இல்லப்பா

[9:05] பிரபு: வியாசர்பாடி வீட்டு ஹால்ல ஃப்ரேம் போட்டு ஒண்ணு மாட்டிருக்கே

[9:06] ராமு பெரியப்பா: அது வேற

[9:06] ராமு பெரியப்பா: இங்க டவர் சரியில்ல காலைல பேசுறேன்