வளரிளம் வயதில் காலம் கடந்து தெரியவரும் எச்.ஐ.வி.: எங்கெல்லாம் தவறவிடுகிறோம்?

குழந்தை மருத்துவர்:
பிறப்பிலேயே தொற்று வந்த பிள்ளை மருந்தே இல்லாமல் 12, 13 வயது வரை இருக்க வாய்ப்பில்லை என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். முதல் தடங்கல் அங்கேதான். சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறையப் பாதிப் பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது சரி. மிச்சமிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் மெல்ல மெல்லத்தான் முற்றும். 15 வயதில் முதன்முதலாகத் தெரியவருவதும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக வந்து நிற்பதில்லை. 13 வயதுக்கு 9 வயது உயரம் இருக்கும், பருவ மாற்றம் தொடங்கியிருக்காது. "அவங்க அப்பாவும் குட்டைதான்" என்ற பதில் வீட்டில் தயாராக இருக்கும். வருஷக்கணக்கில் காதில் சீழ் வடியும், அதற்குச் சொட்டு மருந்து. கை கால் முழுக்க அரிக்கும் கொப்புளம், அதற்குச் சிரங்குக் களிம்பு. தட்டணு குறைந்தால் ரத்தவியல் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஒரு மருத்துவர். எல்லாச் சீட்டையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஆளில்லை.

சில அறிகுறிகள் தனியாக வந்தாலே பரிசோதனைக்கு எழுதிவிடலாம். சிறு வயதில் அக்கி, முகத்திலும் கைகளிலும் பரவிய தட்டை மருக்கள், மாதக்கணக்கில் வலியில்லாமல் இரண்டு பக்கமும் வீங்கிய காதடிச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி என்றால் வலிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்தும்விடும். நாக்கில் வெள்ளைப் படையும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்திருப்பார்கள். இன்ஹேலரால் படை வரும் என்பது உண்மைதான் என்பதால் யாரும் மேலே யோசிப்பதில்லை. ஒரு தவறான நோய்ப்பெயர் அடுத்த அறிகுறியையும் மூடிவிடுகிறது.

நுரையீரல் மருத்துவர்:
அந்த ஆஸ்துமாவைப் பற்றியே சொல்கிறேன். விரல் நுனி உருண்டு நகம் வளைந்திருந்தால் அது வெறும் ஆஸ்துமா கிடையாது. பிள்ளையை உட்காரவைத்து ஆக்சிஜன் அளவு பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம். 6 நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள், 94 இருந்தது 86க்கு இறங்கும். நெபுலைசருக்கு முன்னும் பின்னும் ஊதவைத்தால் அளவில் பெரிய மாற்றம் இருக்காது. எக்ஸ்ரே பல நேரம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். சி.டி. எடுத்தால்தான் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டது தெரியும்.

எதிர்ப்பக்கத் தவறு, டிபி அல்லாததை டிபி என்று எடுத்துக்கொள்வது. நிணநீர் அணுக்கள் நுரையீரலில் சேர்ந்து உண்டாகும் அழற்சி, எக்ஸ்ரேயில் இரு பக்கமும் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். பரவிய டிபி என்று 6 மாத மருந்து, தேறவில்லை என்றால் மறுபடி ஒரு சுற்று. சளியில் கிருமி ஒரு முறைகூடக் கண்டிருக்காது. உண்மையிலேயே டிபி இருந்து, சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) குறைந்த பிள்ளைக்கு, டிபிக்காகத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூ ஊசி வீங்காமலே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். டிபி மருந்து தொடங்கும் எல்லாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை என்பது விதி. பிள்ளை என்றால் மட்டும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஆய்வக நுட்பர்:
எங்கள் பக்கத்தில் ஒரு துப்பு உண்டு, யாரும் கவனிப்பதில்லை. கல்லீரல் பரிசோதனைத் தாளில் மொத்தப் புரதம் 9.2, அல்புமின் 2.9 என்று வரும். அப்படியானால் குளோபுலின் 6.3. அல்புமினைவிடக் குளோபுலின் இரண்டு மடங்குக்கு மேல். டிபி, நாள்பட்ட கல்லீரல் நோய், தன்னெதிர்ப்பு நோய் இவற்றிலும் விகிதம் தலைகீழாகும்தான். ஆனால் 12 வயதுப் பிள்ளையிடம் இதைப் பார்த்தால் எச்.ஐ.வி. பட்டியலில் இருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. விரைவுக் கிட் விஷயத்தில் பிழை பெரும்பாலும் கடிகாரத்தில்தான். ஒவ்வொரு கிட்டுக்கும் படிக்கும் நேரம் வேறு. முன்னாலேயே பார்த்தால் மங்கல் கோடு தப்பிவிடும், நேரம் கடந்து பார்த்தால் இல்லாத கோடு தெரியும். நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடுதான், அடுத்த கிட்டில் உறுதி செய்யுங்கள். 18 மாதம் தாண்டிய பிள்ளைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையே போதும், வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதுத் தொற்று என்றால் கதை வேறு. காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்போடு வருபவருக்கு விரல்குத்துப் பரிசோதனை நெகட்டிவ் காட்டலாம். எதிர்ப்பொருள் தெரிய 23 முதல் 90 நாள் பிடிக்கும்.

ஆலோசகர்:
"கர்ப்பத்தில் அம்மாவுக்கு நெகட்டிவ்" என்ற ஒரு வரியை வைத்துப் பிள்ளையை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனைக்குப் பிறகு, பால் கொடுக்கும் காலத்தில், அம்மாவுக்குத் தொற்று வந்திருந்தால்? அப்போது உடம்பில் வைரஸ் மிக அதிகம், பால்வழிப் பரவலும் அதிகம். அம்மாவுக்குத் தொற்று தெரியவரும்போது கடைக்குட்டியை மட்டும் சோதிப்பது இன்னொரு வழக்கம். "மூத்தவன் நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். எந்த வயதானாலும் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "அம்மாவுக்கு இருக்கா?" என்று தொடங்கினால் அடுத்த முறை அவர்கள் வரவே மாட்டார்கள். "இப்படி அடிக்கடி உடம்புக்கு முடியாமல் வரும் எல்லாப் பிள்ளைக்கும் இதைப் பார்ப்போம்மா" என்றால் பெரும்பாலும் சம்மதம் கிடைத்துவிடும். எந்த வழியில் வந்தது என்பதை முடிவு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். வளர்ந்த பிள்ளையிடம் சிறிது நேரமாவது தனியாகப் பேசுங்கள். உடலுறவோ வன்முறையோ ஊசிப் பகிர்வோ பெற்றவர் பக்கத்தில் இருந்தால் வெளியே வராது. பெற்றவர் கையெழுத்து எந்த வயதுவரை வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தச் சட்டத்தைப் படித்துவைக்காத மருத்துவமனையில் பரிசோதனையே தள்ளிப்போகிறது.

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மருத்துவர்:
பாசிட்டிவ் வந்ததும் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடும் அவசரம் வேண்டாம், இவ்வளவு தாமதமாக வருபவர்களுக்கு முன்வேலை இருக்கிறது. சி.டி.4 200க்குக் கீழே என்றால் முற்றிய நோய். 100க்குக் கீழே என்றால், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான ஆன்டிஜென் பரிசோதனை கட்டாயம். அந்த மூளைக்காய்ச்சல் இருந்தால் ஏ.ஆர்.டி.யை 4 முதல் 6 வாரம் தள்ள வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லாத டிபி என்றால் டிபி மருந்து தொடங்கிய 2 வாரத்துக்குள் ஏ.ஆர்.டி.யும் தொடங்கிவிடலாம். மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் முதல் நாளிலேயே.

மாத்திரை அளவுக்கு எடைதான் கணக்கு. 14 வயது என்று பெரியவர்களின் கூட்டு மாத்திரையை எழுதிவிடுவார்கள், பிள்ளை 24 கிலோ இருக்கும். டெனோஃபோவிர் கலந்த அந்த மாத்திரை 30 கிலோவிலிருந்துதான். 20 கிலோ தாண்டினால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. கொடுக்கலாம், கூட அபாகாவிர், லாமிவுடின். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் டோலுடெக்ராவிர் காலை ஒன்று, இரவு ஒன்று.

முதல் 3 மாதத்துக்குள் கழுத்துக்கட்டி பெரிதாகலாம், காய்ச்சல் திரும்பலாம். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதன் விளைவு அது. முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மருந்து ஒத்துக்கலை" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மருந்தாளுநர்:
டாக்டர் விட்டதை நான் சேர்க்கிறேன். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் ஏறாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். கால்சியத்துக்கும் இதே கணக்கு. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கு மட்டும் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, அந்த இடைவெளி எப்போதும் வேண்டும்.