பகலில் சங்கிலியில் கட்டினால்தான் குட்டி அடங்குமா?

கொக்குவில் வாசி:
நேற்று சுன்னாகத்தார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "தனியாக இருக்கிற ஆள், அதுவும் முதல் தடவை நாய் வளர்க்கிற ஆள், குழப்படிக் குட்டியைப் பகலில் சங்கிலியில் கட்டித்தான் அடக்க வேண்டும், ஏலாதென்றால் நாய் வளர்க்க வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நானும் தனி ஆள்தான், இதுதான் முதல் நாய், நாலு மாதக் குட்டி, வேலைக்கும் போகிறேன். கட்டுவதில்லை. பின் விறாந்தையைப் பலகையால் மறித்து, தண்ணீரும் கடிக்க ரப்பர் சாமானும் வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அன்ரி வந்து வெளியே விடுவார், ஏனென்றால் இந்த வயதில் நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்காது. இதில் எங்கே சங்கிலி வேண்டும்?

சுன்னாகத்தார்:
தங்கச்சி, அது தீர்ப்பு இல்லை, அனுபவம். அப்பு காலத்திலிருந்து எங்கள் வளவில் நாய் இருக்கிறது. பகலில் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உங்கள் குட்டி கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடி மோட்டார் சைக்கிளில் அடிபட்டால் பலகை வந்து காப்பாற்றுமா?

கொக்குவில் வாசி:
ஒழுங்கையில் விடச் சொன்னேனா? விறாந்தை என்றுதானே எழுதினேன். சங்கிலியில் கிடக்கிற குட்டிக்குத் துடியாட்டம் குறையாது, உள்ளுக்குள் சேரும். பின்னேரம் அவிழ்த்ததும் ஆள்மேல் பாய்ந்து கையைக் கடிப்பது அதனால்தான். நாய்க்குட்டி ஒரு நாளில் நிறைய நேரம் தூங்க வேண்டியது, தூக்கம் கெட்டால் இன்னும் குழப்படி கூடும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலமும் இதுதான், எதையாவது கடித்தே தீரும். அதற்குத் தண்டனையா சங்கிலி?

நல்லூர் வடக்கு:
இரண்டு பேரும் "கட்டுவது" என்றால் எவ்வளவு நேரம் என்று முதலில் சொல்லுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது அரை மணித்தியாலம் கட்டுவதும் பகல் முழுக்கக் கட்டுவதும் ஒன்றா? அதோடு தடுப்பூசி முடியாமல் குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி சில நாளிலேயே செத்துப்போகலாம். மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசியும் போட வேண்டும்.

சுன்னாகத்தார்:
அரை மணித்தியாலமோ அரை நாளோ, கட்டுவது கட்டுவதுதான். எங்கள் நாய்கள் ஊசியும் போட்டன, சங்கிலியிலும் நின்றன, வீட்டுக் கறிச்சோறு தின்று பதினான்கு வயது வரைக்கும் இருந்தன.

கொக்குவில் வாசி:
கறிச்சோறா? வெங்காயம் போட்ட கறி நாய்க்கு நஞ்சு, இரத்தத்தில் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலில் குத்தும். இதையும் அனுபவம் என்றுதான் சொல்வீர்களோ!

சுன்னாகத்தார்:
வெங்காயத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வெங்காயம் படிப்பிக்க வேண்டாம். உங்களைப்போலக் கையடக்கத் தொலைபேசியில் பார்த்து நாய் வளர்க்கிறவன் இல்லை நான்.

அரியாலைப் பனை:
அது என்ன சாதி நாய் என்று ஒருவரும் கேட்கவில்லையே? ஊர்க்குட்டி என்றால் இந்தச் சண்டையே தேவையில்லை. தடித்த மயிர் நாயை யாழ்ப்பாண வெயிலுக்குக் கொண்டுவந்து இளைக்க வைக்கிறவர்களை என்ன சொல்வது!

கோண்டாவில் அண்ணை:
ஊர்நாய் தேவையில்லையா? போன வருடம் என் கோழியைப் பிடித்தது ஊர்நாய்தான். அப்போதும் "கோழியை அடைத்து வையுங்கள்" என்று எனக்கே புத்தி சொன்னது இதே அரியாலைப் பனை. மறக்கவில்லை.

அரியாலைப் பனை:
கோழி படலைக்கு வெளியே மேய்ந்தால் வேறு என்ன சொல்வது?

கொக்குவில் வாசி:
கோழிக் கதையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என் குட்டி லாப்ரடோர் கலப்பு, அது இங்கே விஷயமும் இல்லை. தனி ஆள் என்பதற்காக நாய் வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்குச் சுடுகிறது. விடிய வெயில் ஏறமுன்னம் நடை, மத்தியானத் தார் றோட்டில் பாதம் வெந்துவிடும் என்பதால் பிறகு பின்னேரம் மட்டும்தான். சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல் வளவில் தூவி மூக்கால் தேட வைக்கிறேன், களைத்துப்போய்த் தூங்குகிறது. வீடு நிறைய ஆள் இருந்தும் நாயைத் தூணில் கட்டிவிட்டு மறந்து போகிறவர்கள் இந்த ஊரில் இல்லையா? கழுத்துப்பட்டி இறுகிப் புண்ணான நாய்களை நீங்கள் பார்த்ததே இல்லையா, சுன்னாகத்தார்? சங்கிலி மதிலில் மாட்டித் தொங்கினால் யார் வந்து அவிழ்ப்பது?

சுன்னாகத்தார்:
எங்கள் வீட்டுச் சங்கிலி நீளம். மதில் இல்லை, வேலி.

நல்லூர் வடக்கு:
நேரத்தைக் கேட்டேன், இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கொக்குவில் வாசி:
எவ்வளவு நீளமானாலும் சங்கிலி சங்கிலிதான். குட்டி பெரிதானதும் அதைக் கட்டாமல் உங்கள் வளவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறேன்.

சுன்னாகத்தார்:
வாருங்கள். ஆனால் கையில் சங்கிலியோடு வாருங்கள், எங்கள் வளவிலும் கோழி நிற்கிறது.

கோண்டாவில் அண்ணை:
பார்த்தீர்களா, கோழிக்காரனுக்குத்தான் கோழிக்காரன் நோவு தெரியும். அரியாலைப் பனை இதற்கு என்ன சொல்லப் போகிறார்?