பனாமா வரை காரில்: எல்லை கடந்தவர்கள் சொல்லுங்கள்

ஜனவரியில் டெக்சாஸிலிருந்து பனாமா வரை நானும் மனைவியும் எங்கள் பழைய டொயோட்டாவில் கிளம்புகிறோம். பனாமாவின் யாவிசா ஊரோடு சாலையே முடிந்துவிடுவதால் அதற்கு மேல் ஆசைப்படவில்லை. குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கு நாடுகளுக்கும் சேர்த்தே தங்க 90 நாள்தான் என்பது தெரியும்.

குழப்பமெல்லாம் வண்டிக்கான தற்காலிக இறக்குமதி அனுமதியில்தான். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) மனைவி பெயரில், ஓட்டுவது பெரும்பாலும் நான். நோட்டரி கையெழுத்தோடு ஸ்பானிஷில் ஒரு கடிதம் போதுமா? இன்னொன்று, டைட்டிலில் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கமான 8, தாளின் மடிப்பில் தேய்ந்து 3 போலத் தெரிகிறது. புது நகல் வாங்கிவிடவா?

அப்புறம், நிகராகுவா-கோஸ்டாரிகா எல்லையான பெனியாஸ் பிளாங்காஸில் கோஸ்டாரிகாவின் கட்டாயக் காப்பீட்டை எடுத்தவர்கள் யாராவது உண்டா? எவ்வளவு நேரம் பிடித்தது? தரகர் வைக்க விருப்பமில்லை, தட்டுத்தடுமாறி ஸ்பானிஷ் பேசுவேன். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டோம், நிகராகுவாவில் பிடுங்கிக்கொள்வார்கள்.